மீனவர் ஊரா, வயல் ஊரா? திருச்செந்தூர்ப் பக்கம் குடியேற நினைப்பவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஓய்வு பெற்றவர்கள், வளைகுடாவிலிருந்து திரும்புகிறவர்கள், வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஐடி பிள்ளைகள் என்று வருடத்துக்கு நான்கைந்து பேராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்கிறார்கள்: "கடற்கரையில ஒரு வீடு அமைஞ்சிருக்கு, போயிரலாமா? இல்ல உள்ள தள்ளியே பார்க்கவா?"

எல்லாக் கடற்கரைக்கும் ஒரே பதில் கிடையாது. எனக்கு நன்றாகத் தெரிந்த இடத்தை வைத்தே சொல்கிறேன். கடலோரமாக புன்னக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு, பெரியதாழை, அதற்குத் தெற்கே நெல்லை மாவட்டத்து உவரி. உள்ளே ஏரல், ஆழ்வார்திருநகரி, குரும்பூர், உடன்குடி, சாத்தான்குளம். இந்த இரண்டு வரிசைக்கும் நடுவே பஸ்ஸில் அதிகம் போனால் ஒரு மணி நேரம். ஆனால் தண்ணீர் வேறு, காற்று வேறு, விடிகிற நேரமே வேறு.

இன்னொன்று. "உள்ளே இருக்கும் ஊர்" என்பதும் ஒரே வகை இல்லை. ஏரல், குரும்பூர்ப் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல்லும் வாழையும் வெற்றிலையுமாக இருக்கும் வயல் ஊர்கள். உடன்குடி, சாத்தான்குளம் பக்கம் சிவப்பு மணலும் பனையும் முருங்கையுமாக இருக்கும் தேரி ஊர்கள். முதல் வகைக்குப் பழகியவர் இரண்டாவதில் ஒரு கோடை தாங்கமாட்டார். ஆகவே நீங்கள் உண்மையில் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறீர்கள்.

முதல் படி: விடியற்காலை ஐந்து மணிக்குக் கரைக்குப் போங்கள்

வீடு பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் சாயங்காலம் நாலரைக்கு வருவார்கள். வெயில் தணிந்து, காற்று இதமாக, கரையில் படகுகள் வரிசையாக நிற்கும். போட்டோ எடுத்துக்கொண்டு அட்வான்ஸ் பேசிவிடுவார்கள். அது தப்பு. காலையில் போய் நில்லுங்கள்.

ராத்திரி போன ஃபைபர் போட்டுகள் ஒவ்வொன்றாகத் திரும்பும். கரை நெருங்கியதும் இன்ஜினைத் தூக்கிவிட்டு அலையோடு ஏற்றுவார்கள். பல ஊர்களில் டிராக்டரில் வடம் கட்டி மணலுக்கு இழுப்பார்கள். அந்த டிராக்டர் சத்தம்தான் அந்த ஊரின் அலாரம். வலையை உதறுகிறார்கள், மீன் தார்ப்பாயில் கொட்டப்படுகிறது, சுற்றி முப்பது நாற்பது பேர். ஏலம் கூறுகிறவர் ஒரே மூச்சில் எண்களை அடுக்குகிறார். வாங்குகிறவர் வாயே திறப்பதில்லை, புருவம் ஒரு நூல் ஏறுகிறது, அவ்வளவுதான், குவியல் கை மாறிவிட்டது. நான் முதல் தடவை பார்த்தபோது யார் வாங்கினார் என்பதே தெரியவில்லை. பக்கத்தில் நின்ற ஒரு மீன்காரம்மா சிரித்துவிட்டு, "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, ஐஸ் பெட்டி வருது" என்றார்.

அந்த "தள்ளி நில்லுங்க"வை யோசித்துப் பாருங்கள். மீனவர் ஊரின் கரை உங்களுக்கும் எனக்கும் பீச்சாகத் தெரியும். அவர்களுக்கு அது பட்டறை, களம், சந்தை எல்லாம். படகு நிறுத்த, வலை காயப்போட, வலை பொத்த, கருவாடு உலர்த்த என்று ஒவ்வொரு சாண் மணலுக்கும் வேலை இருக்கிறது. நெல் அடிக்கும் களத்தின் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் விவசாயி என்ன சொல்வார்? இங்கேயும் அதேதான். இந்த வேலையோடு ஒட்டி வாழப் பிடிக்குமா என்பதுதான் கேள்வி. கடல் பிடிக்குமா என்பது இல்லை. கடல் எல்லோருக்கும் பிடிக்கும்.

நாட்காட்டியும் வேறு. இந்தக் கரையின் மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், 1530களிலிருந்தே. அதனால் ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகமாட்டார்கள். அன்று கரை ஓய்ந்து கிடக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குத்தான் தடை, சிறு படகுகள் போகலாம். ஊரில் ஒரு சாவு என்றால் அன்று யாரும் தொழிலுக்குப் போகாத ஊர்களும் உண்டு. பாடு, அதாவது மீன் கிடைப்பது, நன்றாக இருக்கும் வாரம் கடைத்தெருவில் பணம் புரளும், பாடு இல்லாத வாரம் கடன் நோட்டு தடிக்கும். நீங்கள் அங்கே கடை வைக்கவோ பிழைப்பு நடத்தவோ போகிறீர்கள் என்றால் இந்த ஏற்றத்தாழ்வுக்கு உங்கள் கையிருப்பு ஈடுகொடுக்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்ணீரைக் குடித்துப் பாருங்கள், மே மாதத்தில்

என்னைக் கேட்டால் பாதி முடிவு இங்கேயே ஆகிவிடும்.

கடற்கரை என்றாலே உப்புத்தண்ணீர் என்று நினைப்பவர்களுக்குத் திருச்செந்தூர் நாழிக்கிணறே பதில். கடலிலிருந்து சில நூறு அடி தூரத்தில் குடிக்கிற தண்ணீர். விஷயம் எளிது: மழைநீர் மணலில் இறங்கி, கடலிலிருந்து வரும் உப்புநீரின் மேல் மிதக்கிறது, ஏனென்றால் உப்புநீர் கனம் அதிகம். கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். மோட்டார் போட்டு உறிஞ்சி அந்த மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியில் உப்பு 40 அடி மேலே ஏறத் தயாராகிவிடுகிறது. அதனால்தான் கடலோரத்தில் ஆழமாக போர் போடுகிறவன் கெட்டான், மேலாக ஊற்றுத் தோண்டி இறைக்கிறவன் பிழைத்தான்.

நான் பார்த்த ஒரு வீட்டில் பின்புறத்தில் பன்னிரண்டு அடி உறைகிணறு. வாளியில் மொண்டு, தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை வைத்தால் 600 சொச்சம். அடுத்த வீட்டில் 80 அடி போர், மீட்டர் 3,000 தாண்டியது. நடுவில் ஒரு மதில் சுவர்தான். குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் 500 வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்கிறது. மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பையில் போட்டுக்கொண்டே வீடு பாருங்கள். மீட்டர் இல்லையா? ஊர் டீக்கடையில் ஒரு டீ குடியுங்கள். அப்புறம் வீட்டம்மாவிடம் பருப்பு எத்தனை விசிலில் வேகிறது என்று கேளுங்கள். வீட்டுக்காரர் தண்ணீரைப் பற்றிப் பொய் சொல்லலாம், குக்கர் சொல்லாது.

சோதனையை மே மாதத்தில் செய்யுங்கள். மார்கழியில் எல்லாக் கிணறும் இனிக்கும்.

உள்ளே போனால் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். கடலிலிருந்து பல கிலோமீட்டர் தள்ளியும் உப்பு ஏறிய ஊர்கள் இந்தப் பக்கம் இருக்கின்றன. தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் வயல் ஊர்கள்தான் இதில் ராஜா. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து பிரியும் வடகால், தென்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் கிணறுகள் தானாக ஊறும். தேரி ஊர்களிலும் கடற்கரை ஊர்களிலும் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக் குழாய்தான் உயிர். எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது, எத்தனை குடம் கிடைக்கிறது என்று பஞ்சாயத்து ஆபீஸில் கேட்பதைவிடத் தெருக்குழாயடியில் கேளுங்கள்.

மூன்றாம் படி: காற்றையும் துருவையும் கணக்கில் எடுங்கள்

என் சித்தப்பா ஒருவர் மும்பையில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, கடலைப் பார்த்த வாசலோடு ஒரு வீடு வாங்கினார். முதல் வருடம் கேட் கீல் கத்தியது. இரண்டாம் வருடம் ஜன்னல் கம்பியில் பெயின்ட் கொப்புளித்தது. மூன்றாம் வருடம் ஏசியின் வெளிப்பெட்டியைத் தொட்டால் தகடு விரலோடு வந்தது. ஃப்ரிட்ஜின் அடிப்பாகம், ஸ்விட்ச் போர்டுக்குள் இருக்கும் ஸ்க்ரூ, சைக்கிள் செயின் என்று துரு ஒவ்வொன்றாகத் தின்றது. வாழ்க்கையில் அதிகம் செலவழித்தது பெயின்டுக்குத்தான் என்று இன்றும் சொல்வார்.

கடலோரத்தில் கட்டுவதானால் சில விஷயங்களில் கஞ்சத்தனம் கூடாது. கடற்காற்று நேராகப் படும் கான்கிரீட்டுக்கு எம்30 என்ற வலிமைத் தரக் கலவையும், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் மூடலும் வேண்டும் என்பது இந்தியக் கட்டுமான விதி. வழக்கமான மேஸ்திரி எம்20இல் ஒரு அங்குல மூடலோடு முடித்துவிடுவார்; பத்து வருடத்தில் தளம் பொரிந்து கம்பி வெளியே தெரியும். உப்புத்தண்ணீரில் கலவை போடவே விடாதீர்கள், மணலையும் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். ஜன்னலுக்கு யுபிவிசி அல்லது அலுமினியம். ஸ்டீல் கைப்பிடி வேண்டுமென்றால் 304 வேண்டாம், 316 தரம் கேளுங்கள். பழைய வீடு வாங்குவதானால் பொருட்களை நகர்த்தி, கூரையின் அடியை டார்ச் அடித்துப் பாருங்கள். புதிதாக வெள்ளையடித்த வீட்டை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

தேரிப் பக்கம் துரு குறைவு, ஆனால் ஆனி, ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது சிவப்பு மணல் வீட்டுக்குள் வரும். சோற்றில் கூட நெறுநெறுக்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த மாதங்களில் ஒரு வாரம் தங்கிப் பார்க்காமல் முடிவு செய்ய வேண்டாம். வயல் ஊரில் இரண்டும் இல்லை. கொசு இருக்கிறது, தாராளமாக.

நான்காம் படி: ஆபத்து எந்தப் பக்கமிருந்து வரும்?

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு "கடல் ஆபத்து, உள்ளே பத்திரம்" என்று எல்லோர் மனதிலும் பதிந்துவிட்டது. நியாயமான பயம்தான், நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். ஆனால் இந்தப் பக்கத்து மக்களை உலுக்கியது 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அது கடற்கரை ஊர். ஆனால் நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டுத் தவித்தது ஏரல் போன்ற ஆற்றங்கரை ஊர்கள். குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரைபுரண்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி, சுமார் 800 பயணிகள் இரண்டு நாள் வெள்ளத்தின் நடுவே இருந்தார்கள். கடலோரத்தில் மழைநீருக்கு வடிய ஒரு கடல் இருக்கிறது. மேலே பெய்ததெல்லாம் தன் வழியாகத்தான் போக வேண்டும் என்ற விதி ஆற்றங்கரை ஊருக்கு.

2018 கஜா புயலிலும் இதே பாடம்தான். வேதாரண்யம் அருகே கரையேறிய புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணி வரைக்கும் உள்ளே போய்த் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது.

ஆகவே வயல் ஊரில் வீடு பார்த்தால், 2023இல் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். வாயால் சொல்வதை நம்பாமல் சுவரில் கறைக்கோட்டைத் தேடுங்கள். மாட்டுத்தொழுவம், மின்மோட்டார் அறை, ரேஷன் கடைப் பின்சுவர் இங்கெல்லாம் யாரும் வெள்ளையடித்திருக்கமாட்டார்கள். குளத்தின் கலிங்கு, அதாவது உபரித் தண்ணீர் வழியும் வாய், எந்தப் பக்கம் இருக்கிறது, அது நிறைந்தால் தண்ணீர் போகும் ஓடை எது என்று ஒரு வயதானவரைக் கூட்டிக்கொண்டு நடந்து பாருங்கள். குறைந்த விலைக்கு வரும் மனை அந்த ஓடைக்குள்தான் இருக்கும்.

கடற்கரை ஊரில் தேட வேண்டியது வேறு: அரிப்பு. சில இடங்களில் கடல் வருடாவருடம் கரையைத் தின்கிறது. அதைத் தடுக்கக் கல் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டுவதைத் தூண்டில் வளைவு என்பார்கள். ஒரு ஊருக்குத் தூண்டில் வளைவு போட்டால் மணல் ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் இருக்கும் ஊருக்கு அரிப்பு கூடும். எனவே உங்கள் ஊரை மட்டும் பார்த்தால் போதாது, அக்கம்பக்கத்து ஊர்களில் என்ன கட்டுகிறார்கள் என்றும் விசாரியுங்கள். "என் சின்ன வயசுல இங்க இருந்து கடலுக்குப் போக கால் சுடும்" என்று யாராவது சொன்னால், அந்தச் சுட்ட மணல் இப்போது எங்கே என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: ஆவணம்

உள்ளே இருக்கும் ஊரில் வேலை வழக்கமானதுதான். பட்டா, 30 வருட வில்லங்கம், தாய்ப்பத்திரம், புலப்படம். மனைப்பிரிவு என்றால் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள்; 2016 அக்டோபர் 20க்கு முன் விற்ற மனைகளுக்குத்தான் வரன்முறைத் திட்டம். வயலை மனையாக்கி விற்கிற இடங்களில் வாய்க்கால், ஓடை புறம்போக்கு உள்ளே சேர்ந்திருக்கிறதா என்று சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள்.

மீனவர் ஊரில் இரண்டு சிக்கல் கூடுதல். ஒன்று, தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா இல்லாத வீடுகள். ஊருக்கோ கோயிலுக்கோ பொதுவாக இருக்கும் நிலத்தில் அனுபவ உரிமையை மட்டும் வைத்திருப்பார்கள். ஊருக்குள் அது செல்லும். வெளியாளான உங்கள் கைக்கு வந்தால் பேங்க் கடன் தராது, நாளைக்கு விற்கவும் முடியாது.

இன்னொன்று, சிஆர்இசட் என்று எல்லோரும் சொல்லும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி. 1991இல் வந்து, 2011, 2019 ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை அதன் பிடிக்குள் வரும். கிராமப்புறக் கடற்கரையில் முதல் 200 மீட்டருக்குப் புதிதாகக் கட்டத் தடை என்பது 2011 கணக்கு. 2019 அறிவிக்கை, சதுர கிலோமீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் இடங்களில் இதை 50 மீட்டராகக் குறைத்தது, மற்ற இடங்களில் 200 அப்படியே. மீனவர் குடும்பங்களின் குடியிருப்புக்கு விதியில் சலுகை உண்டு; வெளியிலிருந்து வாங்குகிறவருக்கு அது பொருந்தாது. "பக்கத்து வீட்டுக்காரர் கட்டியிருக்காரே" என்று புரோக்கர் காட்டும் வீடு பெரும்பாலும் இந்தச் சலுகையில் நிற்பதாக இருக்கும். உப்பங்கழி, ஆற்றுமுகம் ஓரத்திலும் அலை ஏறி இறங்கும் வரை இந்த விதி தொடரும், ஆகவே புன்னக்காயல் போன்ற முகத்துவார ஊர்களில் கடலை மட்டும் அளந்து ஏமாந்துவிடாதீர்கள். சர்வே எண்ணைக் கொடுத்து, கடலோர மண்டல வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று மாவட்ட அளவில் எழுத்துமூலம் பதில் வாங்கிவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

வருகிற பெரிய திட்டங்களையும் விசாரியுங்கள். குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் பெயரைச் சொல்லியே சுற்றுவட்டாரத்தில் மனை விலை ஏற்றிப் பேசுகிறார்கள். ராக்கெட் பறப்பதை மொட்டைமாடியிலிருந்து பார்க்கலாம் என்பதெல்லாம் சரி, அதற்காக இரட்டை விலை கொடுப்பது எனக்குப் புரியவில்லை.

ஆறாம் படி: ஊர் உங்களை எங்கே வைக்கும்

சங்கடமான பகுதி, ஆனால் தாண்டிப் போக முடியாது.

உள்ளே இருக்கும் ஊரில் வாடகைக்குக் கேட்டால் முதல் கேள்வி "எந்த ஊரு?" இரண்டாவது கேள்வி சுற்றி வளைத்து வரும், சாதி. தெரு தெருவாகப் பிரிந்த ஊர்கள் இவை. எந்தத் தெருவில் வீடு எடுக்கிறீர்கள் என்பதை வைத்தே யார் உங்கள் வீட்டுக்கு வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது முடிவாகிவிடும். மீனவர் ஊர் பெரும்பாலும் ஒரே சமூகம், ஒரே பங்கு (ஒரே மாதா கோயிலைச் சேர்ந்த சபை). அங்கே நீங்கள் யாராக இருந்தாலும் வெளியாள்தான். இதில் ஒரு வசதியும் உண்டு: எல்லா வெளியாளும் ஒரே மாதிரி வெளியாள். ஊர்க் கமிட்டி சொன்னால் சொன்னதுதான், போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகும் முன் பஞ்சாயத்து அங்கேதான். கமிட்டித் தலைவரையோ பங்குத்தந்தையையோ ஒருமுறை பார்த்துப் பேசாமல் குடிபோக வேண்டாம்.

இரண்டு இடத்திலும் நான் பயன்படுத்தும் அளவுகோல் ஒன்றுதான்: திருவிழா வரி. அம்மன் கோயில் கொடைவிழாவானாலும் மாதா கோயில் திருவிழாவானாலும், தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று வரி உண்டு. உங்களிடம் வரி கேட்கிறார்களா, நன்கொடை கேட்கிறார்களா என்று பாருங்கள். நன்கொடை எவ்வளவு பெரிதானாலும் நீங்கள் விருந்தாளி. முந்நூறு ரூபாய் வரி கேட்டு நோட்டோடு வந்தால் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். என்னிடம் ஏழாவது வருடம்தான் கேட்டார்கள்.

சத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கொடை மூன்று நாள் ஒலிபெருக்கி, கடற்கரையில் பத்து நாளுக்கும் மேல் திருவிழா. மணப்பாட்டில் செப்டம்பர் 14 வரை, குலசையில் (குலசேகரன்பட்டினம்) தசராவுக்கு, திருச்செந்தூரில் சூரசம்ஹாரத்துக்கு என்று சாலையே அடைபடும் நாட்கள் உண்டு. ஆஸ்பத்திரிக்கு அடிக்கடி போக வேண்டியவர் இந்தத் தேதிகளை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பெரிய சிகிச்சைக்குத் தூத்துக்குடி அல்லது திருநெல்வேலிதான். இதயக்கோளாறு உள்ளவருக்கு நான் குரும்பூர், ஸ்ரீவைகுண்டம் பக்கத்தைத்தான் சொல்வேன். ரயிலும் மெயின் ரோடும் அங்கேதான்.

ஏழாம் படி: ஒரு வருடம் வாடகை

வாங்காதீர்கள், முதலில் வாடகைக்கு இருங்கள். முழு வருடம் முடியாதென்றால் மூன்று தவணையாவது: மே மாதம் இரண்டு வாரம் தண்ணீருக்காக, ஜூலையில் பத்து நாள் காற்றுக்காக, நவம்பர் கடைசியில் மழைக்காக. கடற்கரை, வயல், தேரி மூன்றிலும் ஒவ்வொரு தவணை இருந்து பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. ஜனவரி, பிப்ரவரியில் மட்டும் போய்ப் பார்த்து முடிவு செய்தவர்கள்தான் பிற்பாடு வீட்டை விற்க என்னிடம் ஆள் தேடச் சொல்கிறார்கள்.

என் முடிவையும் கேட்பீர்கள். மீனவக் குடும்பத்தில் பிறந்து வெளியூரில் இருந்தவர் என்றால் தயங்காமல் கரைக்கே போங்கள், மேலே சொன்ன பாதி உங்களுக்குப் பொருந்தாது. கடல்தொழிலோடு வேலை உள்ளவர்கள், இன்ஜின் மெக்கானிக், ஐஸ், வலை வியாபாரம் செய்கிறவர்களும் அப்படியே. மற்றவர்களுக்கு, கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, குளத்துக் கலிங்குக்கு எதிர்ப்பக்கம், கொஞ்சம் மேடான தெருவில் ஒரு வீடு. நாங்கள் அப்படித்தான் இருக்கிறோம். கடல் வேண்டுமென்றால் பைக்கில் கால் மணி நேரம்.

காலை ஒன்பதரைக்கு டிவிஎஸ் எக்ஸெல்லில் மீன்காரர் வருவார். ஹாரன் கேட்பதற்கு முன்பே தெருப் பூனைகள் வந்து வரிசையில் உட்கார்ந்துவிடும். போன வாரம் சாளை கிலோ இருநூறு என்றார். கரையில் நூற்றைம்பதுதானே அண்ணாச்சி என்று பேரம் பேசினேன். தராசை இறக்கி வைக்காமலே சொன்னார்: "கரையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு வந்தா நூத்தம்பது. கட்டில்ல இருந்து எறங்கி வாசலுக்கு வந்தா எரநூறு. எது வேணும்?"